குடியை நிறுத்த உதவி தேடுகிறவர்களுக்கு: எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது

குடியை விடுவதாக முடிவெடுத்த ராத்திரியே மிச்சமிருக்கும் பாட்டிலைக் கொட்டிவிட்டு, பிள்ளை தலையில் கை வைத்துச் சத்தியமும் செய்துவிட்டுப் படுத்து, இரண்டாம் நாள் வலிப்பு வந்து 108-ல் அவசரப் பிரிவுக்கு வந்து சேர்கிறவர்களைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். குடிநோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதும் அவர்கள் வீட்டாரோடு உட்கார்ந்து பேசுவதும்தான் என் வேலை. விட வேண்டும் என்ற மனசு பெரும்பாலானவர்களுக்கு இருக்கிறது, வரிசைதான் தெரிவதில்லை. டாக்டர் முன்னிலையில் செய்ய வேண்டியதை வீட்டிலேயே செய்துவிடுகிறார்கள், வீட்டுக்குத் திரும்பிய பிறகு செய்ய வேண்டியதைச் செய்யாமலே விட்டுவிடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் கிடைக்கும் உதவிகளை வைத்து இதை எழுதுகிறேன். குடிப்பவரிடமே நேராகப் பேசுகிறேன். வீட்டில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு பகுதி இருக்கிறது, ஆனால் அவர்களும் முதலிலிருந்தே படிப்பது நல்லது.

1. நிறுத்துவதற்கு முன்னால் கணக்குப் போடுங்கள்

தினமும் எவ்வளவு என்பதை எம்.எல். கணக்கில் எழுதுங்கள். குவார்ட்டர் என்றால் 180 எம்.எல். நம் கடைகளில் விற்கும் பிராந்தி, ரம், விஸ்கியில் 42.8 சதவீதம் ஆல்கஹால் இருக்கிறது, அதாவது ஒரு குவார்ட்டருக்குள் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால். 650 எம்.எல். ஸ்ட்ராங் பீரில், 8 சதவீதம் என்று வைத்தால், சுமார் 40 கிராம். 'பிராந்தியை விட்டுட்டேன், இப்ப பீர் மட்டும்தான்' என்று சொல்கிறவர் இரண்டு பீர் குடித்தாலே குவார்ட்டரைத் தாண்டிவிடுகிறார்.

அப்புறம் இந்தக் கேள்விகளுக்கு உங்களுக்கு நீங்களே உண்மையாகப் பதில் சொல்லுங்கள். காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறதா? ஒரு கட்டிங் (அரை குவார்ட்டர்) உள்ளே போனால்தான் நடுக்கம் நிற்கிறதா? கடை பகல் 12 மணிக்குத்தான் திறக்கும் என்பதால் முந்தின நாளே வாங்கி ஒளித்து வைக்கிறீர்களா? காந்தி ஜெயந்திக்கும் திருவள்ளுவர் தினத்துக்கும் முதல் நாளே ஸ்டாக் வைத்துக்கொள்கிறீர்களா? முன்பு எப்போதாவது நிறுத்தியபோது வியர்த்துக் கொட்டி, தூக்கமில்லாமல், இல்லாத உருவம் தெரிந்து, வலிப்பு வந்து என்று ஏதாவது நடந்ததா?

இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் வீட்டில் தனியாக நிறுத்தாதீர்கள். ஆல்கஹால் மூளையை மந்தப்படுத்துகிறது. வருடக்கணக்கில் தினமும் அப்படி நடந்தால், அதை ஈடுகட்ட மூளை தன்னை எப்போதும் முடுக்கியே வைத்துக்கொள்ளப் பழகிவிடும். திடீரென்று ஆல்கஹாலை எடுத்துவிட்டால் அந்த முடுக்கம் மட்டும் மிஞ்சும். கடைசிக் குடியிலிருந்து 6 முதல் 12 மணி நேரத்துக்குள் நடுக்கம், படபடப்பு, வாந்தி வரும். வலிப்பு வருவதென்றால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு ஆள் யார், இடம் எது, பகலா ராத்திரியா என்று தெரியாமல் பிதற்றல் தொடங்கும். இதை டாக்டர்கள் டி.டி. என்பார்கள். சிகிச்சை கிடைக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து.

அதனால் டாக்டரைப் பார்க்கும் நாள் வரை, கேட்க விநோதமாக இருந்தாலும், குடிக்கும் அளவை ஒரேயடியாக நிறுத்தாமல், கூட்டாமலும் வைத்திருப்பதுதான் பாதுகாப்பு. அந்த நாளைத் தள்ளிப் போடாதீர்கள், நாளைக்கே போக முடிந்தால் நாளைக்கே போங்கள்.

மாலை போடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐயப்பனுக்கோ முருகனுக்கோ மாலை போட்டு ஒரு மண்டலம் சுத்தமாக இருந்தவர்கள், கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு விட்டவர்கள் நம் ஊரில் ஏராளம். அந்த நம்பிக்கை பெரிய பலம், அதை யாரும் குறைத்துப் பேச வேண்டாம். ஆனால் மேலே சொன்ன அறிகுறிகள் இருப்பவர் மாலை போடுவதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே டாக்டரைப் பார்த்து, உடம்பைத் தயார் செய்துகொண்டு போட வேண்டும். இல்லாவிட்டால் மாலையோடேயே அவசரப் பிரிவுக்கு வர நேரும். இன்னொன்று, மாலையைக் கழற்றும் நாள் முன்கூட்டியே தெரிந்த நாள். அன்று சாயங்காலம் எங்கே இருக்கப் போகிறீர்கள், யாரோடு இருக்கப் போகிறீர்கள் என்பதை மாலை போட்ட அன்றே பேசி வையுங்கள்.

2. போன் செய்யுங்கள், எங்கே போவது என்று முடிவு செய்யுங்கள்

ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்று விசாரிப்பதைவிட முதலில் போனில் பேசிவிடுவது நல்லது, ஏனென்றால் கூச்சம் பாதி அங்கேயே கழிந்துவிடும். 14446 என்பது மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் போதை மீட்பு உதவி எண், கட்டணம் இல்லை. மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416, இது 24 மணி நேரமும் இயங்கும், தமிழில் பேசலாம். தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104. பேசும்போது மாவட்டம், வயது, தினமும் எவ்வளவு, எத்தனை வருடமாக, முன்பு வலிப்பு வந்ததா என்ற ஐந்தையும் சொன்னால் போதும். 'பக்கத்தில் எங்கே படுக்கை வசதியோடு சிகிச்சை இருக்கிறது?' என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, குடிநோய்க்கு அங்கேதான் பார்க்கிறார்கள். 2025-ல் தமிழக அரசு 'கலங்கரை' என்ற பெயரில் 25 ஒருங்கிணைந்த போதை மீட்பு மற்றும் மறுவாழ்வு மையங்களை அரசு மருத்துவமனைகளிலேயே தொடங்கியது, உங்கள் மாவட்டத்துக்கு எது பக்கம் என்று 104-ல் கேளுங்கள். இது தவிர, மத்திய அரசின் நிதியில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மறுவாழ்வு மையங்களிலும் சிகிச்சை இலவசம். சென்னையில் இருப்பவர்களுக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது, கட்டணம் கட்ட முடிந்தவர்களுக்கு அடையாறு இந்திரா நகரில் 1980 முதல் குடிநோய் சிகிச்சை தரும் டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது. வேலூர்ப் பக்கம் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம், விழுப்புரம், கடலூர்க்காரர்களுக்குப் புதுச்சேரி ஜிப்மர், ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்தவர்களுக்குப் பெங்களூரு நிம்ஹான்ஸ் என்று எல்லைக்கு அந்தப் பக்கமும் வழி இருக்கிறது.

எல்லோருக்கும் அட்மிஷன் தேவையில்லை. நடுக்கம் லேசாக இருந்து, முன்பு வலிப்போ பிதற்றலோ வந்ததில்லை, கல்லீரல் சர்க்கரை இதயம் எதிலும் பெரிய தொந்தரவு இல்லை, வீட்டில் கூடவே ஒருவர் இருப்பார் என்றால் மாத்திரை எழுதிக் கொடுத்து வீட்டிலிருந்தே வந்து போகச் சொல்வார்கள். இதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர்.

3. தனியார் மறுவாழ்வு மையம் என்றால் முதலில் இவற்றைக் கேளுங்கள்

அவசரத்தில் போஸ்டரில் பார்த்த எண்ணுக்குப் போன் செய்து, ராத்திரி வண்டி வந்து ஆளைத் தூக்கிக்கொண்டு போவதில் பல குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன. அப்படி அடித்து இழுத்துக்கொண்டு போவது சிகிச்சையே இல்லை. மறுவாழ்வு மையம் என்ற பெயரில் அடித்துத் துன்புறுத்தி ஆளே இறந்த சம்பவங்களும் நம் மாநிலத்தில் நடந்திருக்கின்றன.

2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் குடி சார்ந்த மனநலப் பிரச்சினைகளும் அடங்கும். இந்த மையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். மனநல மருத்துவர் எந்தெந்த நாள் வருகிறார், ராத்திரி வலிப்பு வந்தால் யார் பார்ப்பது, நர்ஸ் இருக்கிறாரா, வீட்டார் வந்து பார்க்கலாமா, போனில் பேசலாமா என்று கேளுங்கள். 'மூணு மாசம் யாரும் பார்க்க வரக் கூடாது' என்று சொல்லும் இடத்தில் சேர்க்காதீர்கள். சங்கிலியால் கட்டுவதைச் சட்டம் முழுமையாகத் தடை செய்திருக்கிறது. தானாக விரும்பிச் சேர்ந்தவர் வெளியே போகக் கேட்க உரிமை உண்டு. அவர் சம்மதிக்கும் நிலையில் இல்லாதபோது சேர்ப்பதற்குத் தனி நடைமுறை இருக்கிறது, அதில் மனநல மருத்துவர் உட்பட இரண்டு பேர் பரிசோதித்திருக்க வேண்டும், முதல் தடவை அதிகபட்சம் 30 நாள்தான்.

4. முதல் தடவை டாக்டரிடம் போகும்போது

எடுத்துப் போக வேண்டியவை: ஆதார், இருந்தால் இ.எஸ்.ஐ. அட்டை, பழைய ஸ்கேன், ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளும் அட்டையோடு. சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளோடு தூக்க மாத்திரை, வலி மாத்திரை, நாட்டு மருந்து எல்லாமே இதில் சேரும். நீங்கள் எழுதிய குடிக்கணக்கையும் வைத்துக்கொள்ளுங்கள். கூட ஒருவர் வர வேண்டும். மனைவியோ அம்மாவோ அண்ணனோ, உங்கள் குடியை நேரில் பார்த்தவராக இருந்தால் நல்லது. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கிவிடுங்கள், அன்றைக்கே அட்மிஷன் ஆனால் தங்குவதற்கு இரண்டு நாள் துணியும் எடுத்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் அறையில் நான் அதிகமாகப் பார்க்கும் காட்சி ஒன்று. 'எவ்வளவு குடிக்கிறீங்க?' என்று கேட்கிறார். 'எப்பவாவது கொஞ்சம் சார், உடம்பு வலிக்கு' என்கிறார் இவர். பக்கத்தில் மனைவி வாயைத் திறக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். டாக்டர் மேலே எதுவும் கேட்காமல் 'ரெண்டு கையையும் நீட்டி விரலை விரிங்க' என்பார். விரிக்கிறார். விரல் நுனிகள் படபடவென்று ஆடும், அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே 'கடைசியா எப்ப?' என்று கேட்பார் டாக்டர். அதன் பிறகுதான் உண்மை வரும்.

அளவைக் குறைத்துச் சொன்னால் உங்களுக்குத்தான் ஆபத்து, ஏனென்றால் நடுக்கத்துக்குக் கொடுக்கும் மாத்திரையின் அளவை அந்தக் கணக்கை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். அரை பாட்டில் குடிக்கிறவர் ஒரு கட்டிங் என்று சொன்னால் மருந்து போதாமல் வார்டிலேயே வலிப்பு வரலாம். கடைசியாக எத்தனை மணிக்குக் குடித்தீர்கள், வலிப்பு வந்த சரித்திரம், கருப்பாகவோ ரத்தமாகவோ வாந்தி, மலம் போனதா, கீழே விழுந்து தலையில் அடிபட்டதா, வேறு போதை உண்டா, செத்துப்போகலாம் என்ற நினைப்பு வந்ததா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். வேலை போய்விடும், ஊருக்குத் தெரிந்துவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு: உங்கள் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்துக்கொள்வது மேலே சொன்ன மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி உங்கள் உரிமை.

பெண்கள் விஷயத்தில் இந்தப் பயம் பல மடங்கு. குடிக்கும் பெண் என்று பெயர் வந்துவிடும் என்றே உடம்பு கெட்ட பிறகும் வருவதில்லை. ஆண்களைவிடக் குறைந்த அளவிலும் குறைந்த வருடங்களிலும் பெண்களின் கல்லீரல் பாதிக்கப்படும் என்பதால் தாமதம் இன்னும் கெடுதல். போனில் பேசும்போதே பெண்களுக்குத் தனி வார்டு எங்கே இருக்கிறது, பெண் டாக்டரைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள்.

5. முதல் வாரம்: உடம்பிலிருந்து இறக்குவது

இதை 'டீடாக்ஸ்' என்கிறார்கள். டயசெபாம், குளோர்டயசெபாக்சைடு போன்ற மாத்திரைகளை முதல் நாள் அதிகமாகக் கொடுத்து, ஐந்து முதல் பத்து நாளுக்குள் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். கல்லீரல் கெட்டிருந்தால் லோரசெபாம் கொடுப்பதுண்டு. ஆல்கஹால் திடீரென்று விலகிய இடத்தில் மூளையை அமைதியாக வைத்திருந்து, மெல்ல மெல்ல இறக்கிவிடுவதுதான் இதன் வேலை. வலிப்பைத் தடுப்பதும் இதுதான்.

கூடவே தயமின், அதாவது விட்டமின் பி1 ஊசி போடுவார்கள். இதை வெறும் சத்து ஊசி என்று நினைத்து 'போதும் சார்' என்று மறுப்பவர்கள் உண்டு. நாள்பட்டுக் குடித்துச் சாப்பாட்டைக் குறைத்தவர்களுக்கு இந்த விட்டமின் காலியாகி, கண் அசைவு கெட்டு, நடை தள்ளாடி, நினைவே நிரந்தரமாகப் போய்விடும் ஆபத்து இருக்கிறது. அதனால்தான் குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பு தயமின் போடுவார்கள். வீட்டுப் பக்கத்து கிளினிக்கில் 'தெம்புக்கு ஒரு பாட்டில் ஏத்துங்க' என்று கேட்டு குளுக்கோஸ் மட்டும் ஏற்றிக்கொள்ளாதீர்கள், குடிப்பவர் என்பதை அங்கேயும் சொல்லிவிடுங்கள்.

நான்காம் ஐந்தாம் நாள் நடுக்கம் நின்று, பசி எடுத்து, முகம் தெளியும். 'நான் நல்லா ஆயிட்டேன், வீட்டுக்குப் போறேன்' என்று பெரும்பாலானவர்கள் கேட்பது அன்றைக்குத்தான். வீட்டாரும் ஆளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக் கையெழுத்துப் போட்டுக் கூட்டிப்போய்விடுகிறார்கள். தெளிந்தது உடம்பு மட்டும்தான், குடிக்கத் தூண்டும் எதுவும் இன்னும் மாறவில்லை. அந்த ஐந்தாம் நாள் பேச்சை முன்கூட்டியே எதிர்பார்த்து, 'டாக்டர் சொல்லும் வரை இருப்பேன்' என்று சேரும் நாளிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

தூக்கம் சரியாக வாரங்கள் ஆகும். அதற்காக மருந்துக்கடையில் அல்பிரசோலாம் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். குடியை விட்டு அந்த மாத்திரையில் சிக்கிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது.

6. குடி ஆசையைக் குறைக்கும் மாத்திரைகள்

டீடாக்ஸ் முடிந்த பிறகு வருவது இந்தப் படி, ஆனால் பலருக்கு இப்படி மாத்திரை இருப்பதே தெரியாது. நால்ட்ரெக்சோன் குடித்தால் கிடைக்கும் கிளர்ச்சியைக் குறைக்கும். கல்லீரல் பரிசோதனை பார்த்துத்தான் தருவார்கள், இதைச் சாப்பிடும்போது டிரமடால் போன்ற வலி மருந்துகள் வேலை செய்யாது என்பதால் ஆபரேஷன் எதுவும் இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அகாம்ப்ரோசேட் தினமும் மூன்று வேளை, இதற்குச் சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும். கல்லீரல் நோய் இருப்பவர்களுக்குப் பாக்லோஃபென் தருவதுண்டு. எது உங்களுக்கு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் சீட்டைக் காட்டி வாங்க வேண்டாம்.

டைசல்ஃபிராம் தனி ரகம். இதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழுந்துவிடும். கடைசி மாத்திரைக்குப் பிறகு இரண்டு வாரம் வரை இந்த வினை வரலாம். தெரிந்தே, சம்மதித்தே சாப்பிட வேண்டிய மருந்து இது. குடிப்பவருக்குத் தெரியாமல் சாம்பாரிலும் காபியிலும் கலந்து கொடுக்கச் சொல்லி 'குடியை மறக்க வைக்கும் பொடி' என்று விளம்பரம் செய்கிறார்கள். அதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, டைசல்ஃபிராமே கலந்திருந்தால் இதய நோய் உள்ளவர் குடித்த அன்றே உயிருக்கு ஆபத்தாகலாம். வேதனையில் இருக்கும் மனைவிமார் இதை வாங்குவது எனக்குப் புரிகிறது, ஆனாலும் கண்டிப்பாகச் செய்யாதீர்கள்.

சம்மதித்துச் சாப்பிடுபவர், தினமும் காலையில் வீட்டில் ஒருவர் கண்முன்னால் போட்டுக்கொள்வது நல்லது. காலையில் எடுக்கும் அந்த ஒரு முடிவு சாயங்காலம் வரை காப்பாற்றும். இருமல் சிரப், அரிஷ்டம், மவுத்வாஷ் போன்றவற்றிலும் ஆல்கஹால் இருப்பதுண்டு, வாங்கும்போது கேட்டு வாங்குங்கள்.

7. டிஸ்சார்ஜுக்கு முன்பே கவுன்சிலரோடு (ஆஸ்பத்திரியின் மனநல ஆலோசகரோடு) உட்கார்ந்து எழுத வேண்டியது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் உருப்படியாகச் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

வீட்டுக்குப் போகும் முதல் நாள் சாயங்காலம் 5 மணியிலிருந்து ராத்திரி 10 மணிக்குக் கடை மூடும் வரை ஒவ்வொரு மணி நேரமும் எங்கே, யாரோடு என்று எழுதுங்கள். 'பார்த்துக்கலாம்' என்று விட்ட மணி நேரத்தில்தான் கால் தானாகக் கடைப்பக்கம் போகும். வேலை முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் கடை இருந்தால் வேறு வழி எது, பஸ்ஸில் ஒரு நிறுத்தம் முன்னால் இறங்க முடியுமா என்று பாருங்கள்.

அடுத்து பணம். கொத்தனார், பெயின்டர், லோடுமேன் வேலை செய்பவர்களுக்குச் சாயங்காலம் கையில் கூலி விழும் நேரமும் கூட வேலை பார்ப்பவர்கள் கடைக்குக் கிளம்பும் நேரமும் ஒன்றுதான். மேஸ்திரியிடம் பேசி வாரக்கூலியாக மாற்றி, மனைவி கணக்குக்கு அனுப்பச் சொல்லுங்கள். பஸ்ஸுக்கும் டீக்கும் மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மாதச் சம்பளக்காரர் முதல் மூன்று மாதம் சம்பள நாளன்று வீட்டில் ஒருவரை ஆபீஸ் வாசலுக்கே வரச் சொல்லலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அப்புறம் ஆட்கள். சாவு வீடு, கல்யாண வீடு, கோயில் கொடை, ஆடி மாதக் கிடா வெட்டு எல்லாவற்றிலும் மாமனும் மச்சானும் கையில் கிளாஸைத் திணிப்பார்கள். 'இனிமே குடிக்க மாட்டேன்' என்று சொன்னால் விவாதத்துக்கு வருவார்கள். 'மாத்திரை சாப்பிடுறேன், தொட்டா ஆஸ்பத்திரிதான்னு டாக்டர் சொல்லிட்டார்' என்றால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். இதை வார்டிலேயே வாய்விட்டு நாலு தடவை சொல்லிப் பழகுங்கள். முதல் மூன்று மாதத்தில் தவிர்க்க முடியாத விசேஷமென்றால் குடும்பத்தோடு போய், முறை செய்துவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள்.

கடைசியாக, ஆசை வரும் நிமிடம். அது அலை மாதிரி எழுந்து, பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். அந்த அரை மணி நேரத்துக்கு என்ன செய்வது என்று மட்டும் திட்டமிட்டால் போதும். வெறும் வயிறாக இருந்தால் உடனே சாப்பிடுங்கள், இனிப்பானாலும் சரி (சர்க்கரை நோய் இருப்பவர் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்). பசி, கோபம், தனிமை, அசதி, இந்த நாலில் எது இப்போது இருக்கிறது என்று பார்த்து அதைச் சரிசெய்தால் பாதி ஆசை அடங்கும். மீதிக்கு ஒருவருக்குப் போன் செய்யுங்கள். அப்படிக் கூப்பிடக்கூடிய மூன்று பேரின் எண்களை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள், போனில் சார்ஜ் இல்லை என்பது காரணமாகிவிடக் கூடாது. நீங்கள் போன் செய்வீர்கள் என்று அவர்களிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

8. ஏ.ஏ. கூட்டத்துக்குப் போவது

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. குடித்து நிறுத்தியவர்கள் ஒருவருக்கொருவர் துணையாக நடத்தும் கூட்டம். கட்டணம் கிடையாது, விண்ணப்பம் கிடையாது, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் மட்டும் இருந்தால் போதும். தமிழ்நாட்டில் பல ஊர்களில் தமிழிலேயே நடக்கிறது, பெரும்பாலும் பள்ளி வகுப்பறையிலோ சர்ச் வளாகத்திலோ சாயங்காலம் நடக்கும். சர்ச்சில் நடப்பதால் மதக் கூட்டம் என்று சிலர் தயங்குகிறார்கள். இடம் கிடைத்தது அங்கே, அவ்வளவுதான்.

போனால் என்ன நடக்கும்? வட்டமாகவோ வரிசையாகவோ உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் எழுந்து பெயரை மட்டும் சொல்லி, நான் ஒரு குடிநோயாளி என்று தொடங்கி, தன் கதையைச் சொல்வார். யாரும் குறுக்கே பேசமாட்டார்கள், புத்தி சொல்லமாட்டார்கள். முதல் நாள் நீங்கள் பேச வேண்டியதில்லை. கூட்டம் முடிந்ததும் ஓடிவிடாமல் டீ குடிக்கும் பத்து நிமிடம் நில்லுங்கள், போன் நம்பர் கிடைப்பது அங்கேதான். சில வருடம் குடிக்காமல் இருக்கும் ஒருவரை ஸ்பான்சராக இருக்கச் சொல்லிக் கேட்கலாம், ஆசை வரும்போது ராத்திரியிலும் கூப்பிடும் ஆள் அவர்தான்.

புதியவர்கள் செய்யும் தவறு, ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு 'நமக்கு ஒத்துவராது' என்று நிறுத்துவது. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு குணம் இருக்கிறது, குறைந்தது மூன்று நான்கு இடங்களுக்குப் போய்ப் பாருங்கள். 90 நாளில் 90 கூட்டம் என்று அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு, தினமும் முடியாவிட்டாலும் முதல் மூன்று மாதம் எவ்வளவு முடியுமோ அவ்வளவு போங்கள். டிஸ்சார்ஜ் ஆன வாரத்திலேயே முதல் கூட்டம் அமைந்துவிட வேண்டும். வார்டுக்கே ஏ.ஏ. ஆட்கள் வந்து பேசும் ஆஸ்பத்திரிகள் உண்டு, வந்தால் நம்பர் வாங்கிவிடுங்கள். கூட்டத்துக்குப் போகிறேன் என்று டாக்டர் கொடுத்த மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள், இரண்டும் சேர்ந்தே நடக்கலாம்.

9. வீட்டில் இருப்பவர்களுக்கு

குடித்திருக்கும்போது பேசாதீர்கள், சண்டை வேண்டாம், சத்தியமும் வாங்காதீர்கள். மறுநாள் காலை தெளிவாக இருக்கும் நேரத்தில், முந்தின நாள் நடந்த ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்து, 'நேற்று பாப்பா பயந்து கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள்' என்பது போலச் சொல்லி, 'வியாழக்கிழமை ஓ.பி.க்கு நானும் வருகிறேன், வாங்க' என்று நாளையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அவர் குடித்த கடனை அடைப்பது, ஆபீசுக்கு 'காய்ச்சல்' என்று போன் செய்வது, இவற்றை நிறுத்துங்கள். அன்பால் செய்கிறீர்கள், ஆனால் குடியின் விலை அவருக்கே தெரியாமல் போகிறது. அடி உதை இருந்தால் உங்கள் பாதுகாப்புதான் முதலில், பெண்களுக்கான உதவி எண் 181. அவர் சிகிச்சைக்கு வந்தாலும் வராவிட்டாலும் நீங்கள் கவுன்சிலரைப் பார்க்கலாம், குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் கூட்டங்களும் இருக்கின்றன.

வீடு திரும்பியவரை ஊதச் சொல்வது, பையைத் துழாவுவது, பழைய கதையைச் சாப்பாட்டு நேரத்தில் எடுப்பது வேண்டாம். மாத்திரையையும் அடுத்த டாக்டர் தேதியையும் மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கையில் சாவியோ இரும்போ கொடுக்காதீர்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

10. மறுபடி குடித்துவிட்டால்

இது பலருக்கு நடக்கிறது, அதிகமாக முதல் மூன்று மாதத்துக்குள். ஒரு தடவை குடித்ததும் 'எல்லாம் போச்சு' என்று தொடர்ந்து குடிப்பதுதான் அந்த ஒரு தடவையைவிடப் பெரிய கேடு. அன்றே ஸ்பான்சருக்கோ கவுன்சிலருக்கோ சொல்லிவிடுங்கள், அடுத்த ஓ.பி. நாள் வரை காத்திருக்க வேண்டாம். டைசல்ஃபிராம் சாப்பிடுபவர் குடித்துவிட்டு உடம்பு ஒருமாதிரி இருந்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போய் மாத்திரையின் பெயரைச் சொல்ல வேண்டும்.

சில நாட்கள் தொடர்ந்து குடித்திருந்தால் 'போன தடவை பார்த்தோமே' என்று வீட்டிலேயே நிறுத்தப் பார்க்காதீர்கள். திரும்பத் திரும்பக் குடித்து நிறுத்தும்போது வலிப்பு வரும் வாய்ப்பு கூடுகிறது, அதனால் திரும்பவும் முதல் படியிலிருந்து, டாக்டரோடு. அதே டாக்டரிடம் போகக் கூச்சமாக இருக்கும், ஆனாலும் அவரிடமே போங்கள். உங்கள் பழைய சீட்டு அங்கேதான் இருக்கிறது, எந்த மருந்து ஒத்துக்கொண்டது என்று அவருக்குத்தான் தெரியும்.

கவுன்சிலரோடு உட்கார்ந்து, குடித்த நாளின் காலையிலிருந்து என்ன நடந்தது என்று வரிசையாக எழுதுங்கள். எந்த நாளில் மாத்திரை விட்டுப்போனது, எந்தக் கூட்டத்துக்குப் போகவில்லை, யாரோடு சண்டை, கையில் எவ்வளவு காசு என்று பார்த்தால் குடிப்பதற்கு ஒரு வாரம் முன்பே ஏதோ ஒன்று நழுவியிருக்கும். 7-ம் பகுதியில் எழுதிய திட்டத்தில் அந்த இடத்தை மட்டும் மாற்றி எழுதுங்கள்.

மறுபடி குடித்த வெட்கத்தில் உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு வந்தால் தனியாக இருக்காதீர்கள், வீட்டில் ஒருவரை எழுப்பிப் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டு உடனே 14416-க்கோ 104-க்கோ போன் செய்யுங்கள், நடுராத்திரியானாலும் எடுப்பார்கள்.